கார்ட்ரிட்ஜுக்கு ஏற்ற ஃபோனோ ப்ரீஆம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசைத்தட்டு கேட்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பகுதி; ஃபோனோ ப்ரீஆம்ப் என்பது அந்த மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கும் பெட்டி. "நல்ல ப்ரீஆம்ப் எது?" என்றுதான் பெரும்பாலோர் ஆரம்பிக்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: உங்கள் கார்ட்ரிட்ஜ் எது என்று முதலில் சொல்லுங்கள். ஜாடிக்கேற்ற மூடி வேண்டும். கார்ட்ரிட்ஜுடன் வரும் குறிப்புத் தாளில் உள்ள சில எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால், விலை உயர்ந்த பெட்டியைவிடப் பொருத்தமான பெட்டி நன்றாகப் பாடும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

ஃபோனோ ப்ரீஆம்ப் எதற்கு? ஆம்ப்ளிஃபையரில் நேராகச் செருகினால் என்ன?

செருகினால் ஒலி மிக மெல்லியதாக, அடித்தளமே இல்லாமல் கேட்கும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, அளவு. சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தருகிறது. ஊசி தருவதோ சில மில்லிவோல்ட்தான்; சில கார்ட்ரிட்ஜுகள் அரை மில்லிவோல்ட்கூடத் தருவதில்லை.

இரண்டாவது காரணம் இசைத்தட்டிலேயே இருக்கிறது. தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகன்று, ஒரு பக்கத்தில் சில நிமிட இசைதான் அடங்கும். உயர்ந்த ஒலிகளை உள்ளபடியே வெட்டினால் தட்டின் மேற்பரப்பு இரைச்சலில் அவை மூழ்கிவிடும். ஆகவே வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிக்கிறார்கள். 1954இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் இதற்கு ஒரு பொது அளவை வகுத்தது. அதுவே ஆர்ஐஏஏ வளைவு. ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகச் செய்கிறது: 1 கிலோஹெர்ட்ஸை மையமாக வைத்து, 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் ஏற்றுகிறது, 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் இறக்குகிறது. ஆம்ப்ளிஃபையரின் பாஸ், ட்ரெபிள் குமிழ்களைத் திருகி இந்த வேலையைச் செய்ய முடியாது.

என்னிடம் இருப்பது எம்எம் வகையா, எம்சி வகையா?

எம்எம் என்பது மூவிங் மேக்னட். ஊசித் தண்டின் மறுமுனையில் சிறு காந்தம் ஆடுகிறது. பல சுற்றுகள் கொண்ட கம்பிச் சுருள்கள் அசையாமல் இருக்கின்றன. எம்சி என்பது மூவிங் காயில். அதில் ஆடுவது சுருள். ஆட வேண்டியது கனமாக இருக்கக் கூடாது என்பதால் அதில் சுற்றுகள் குறைவு. ஆகவே மின்னழுத்தமும் குறைவு.

பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஊசிப் பகுதியை மட்டும் கையால் உருவி எடுத்து மாற்ற முடிந்தால் அது பெரும்பாலும் எம்எம் வகை. எம்சியில் பொதுவாக ஊசி மட்டும் தனியாக வராது. உறுதி செய்ய, மாடல் பெயரை வைத்துக் குறிப்புத் தாளைத் தேடுங்கள். கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் 2.5 முதல் 6 மில்லிவோல்ட் வரை இருந்தால் எம்எம். 0.2 முதல் 0.6 வரை இருந்தால் எம்சி.

கெயின் எத்தனை டெசிபல் வேண்டும்?

கெயின் என்பது ப்ரீஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதன் அளவு. கணக்கு எளிது. 40 டெசிபல் என்றால் 100 மடங்கு. 60 டெசிபல் என்றால் 1000 மடங்கு. இடையில் ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கூடும். ப்ரீஆம்பிலிருந்து 300 முதல் 600 மில்லிவோல்ட் வரை வந்தால் போதும்; மீதியை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும்.

ஆர்டோஃபோன் 2எம் ரெட் தருவது 5.5 மில்லிவோல்ட். 40 டெசிபலில் அது 550 ஆகிவிடும். ஆடியோ டெக்னிகா ஏடி-விஎம்95இ தருவது 4 மில்லிவோல்ட். அதே 40இல் 400 கிடைக்கும். இரண்டுக்கும் சாதாரண எம்எம் ப்ரீஆம்ப் கச்சிதம்.

டெனான் டிஎல்-103இன் கதை வேறு. 1960களில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்தின் பயன்பாட்டுக்காக உருவான இந்த எம்சி, இன்றும் பலர் விரும்பும் கார்ட்ரிட்ஜ். தருவது 0.3 மில்லிவோல்ட்தான். 40 டெசிபலில் அது வெறும் 30 மில்லிவோல்ட். ஒலிக்குமிழை முழுவதும் திருகினாலும் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்தே ஏறும். 60 டெசிபலில் 300 கிடைக்கும். 64 டெசிபல் என்றால் 475. இதுவே சுகமான இடம்.

அப்படியானால் கெயின் கூடக்கூட நல்லதுதானே?

இல்லை. குறிப்புத் தாளில் உள்ள மில்லிவோல்ட் ஒரு சோதனைச் சுருதிக்கான அளவு மட்டுமே. உண்மையான இசையில் தவில் அதிரும் கணத்திலும் தாளம் மோதும் கணத்திலும் அதைப்போலப் பல மடங்கு எழும். 5 மில்லிவோல்ட் தரும் எம்எம் கார்ட்ரிட்ஜை 60 டெசிபல் எம்சி நுழைவில் (இன்புட்டில்) மாட்டினால், சராசரி அளவிலேயே 5 வோல்ட் வெளிவரும். அதைப்போல மூன்று, நான்கு மடங்கு உச்சம் வரும்போது ப்ரீஆம்பின் மின்வழங்கியில் அதற்கு இடமிருக்காது. அலையின் தலை வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். தட்டில் ஏற்படும் 'டிக்' ஓசைகளும் இப்படி வெட்டுப்படும்போது உரத்துக் கேட்கும். ஆகவே குறிப்புத் தாளில் நுழைவு தாங்கும் உச்ச அளவையும் பாருங்கள். எம்எம் நுழைவுக்கு 1 கிலோஹெர்ட்ஸில் 50 மில்லிவோல்ட் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்கிறேன். 100 இருந்தால் நிம்மதி.

47 கிலோ ஓம் என்று எல்லா ப்ரீஆம்பிலும் போட்டிருக்கிறதே?

எம்எம் கார்ட்ரிட்ஜுகளுக்கான பொதுவான மின்தடைச் சுமை அது; அதாவது, ப்ரீஆம்பின் நுழைவு கார்ட்ரிட்ஜுக்குக் காட்டும் மின்தடை. கார்ட்ரிட்ஜ் செய்பவர்களும் அதை மனத்தில் வைத்தே வடிவமைக்கிறார்கள். எம்எம் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது அடுத்த கேள்வியை.

பிகோஃபாரட் என்ற எண்ணைக் கடைக்காரர்கூடச் சொல்வதில்லை. அது அவ்வளவு முக்கியமா?

பிகோஃபாரட் என்பது மின்தேக்கத்தை அளக்கும் அலகு. எம்எம் கார்ட்ரிட்ஜுக்கு மிக முக்கியம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

எம்எம் கார்ட்ரிட்ஜின் சுருளில் சுற்றுகள் பல என்பதால் அதன் தூண்டல் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம்) அதிகம். 2எம் ரெட்டில் 700 மில்லிஹென்றி. கார்ட்ரிட்ஜிலிருந்து ப்ரீஆம்ப் வரை செல்லும் கம்பியும் ப்ரீஆம்பின் நுழைவும் சிறு மின்தேக்கிகளாக வேலை செய்கின்றன. தூண்டலும் மின்தேக்கமும் சேர்ந்தால் ஓர் ஒத்ததிர்வு (ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை ஒட்டிய ஒலியை மட்டும் தூக்கக்கூடியது) உண்டாகும். மின்தேக்கம் கூடக்கூட அந்த ஒத்ததிர்வு, காது கூர்மையாகக் கேட்கும் இடத்தை நோக்கி இறங்கிவரும்.

700 மில்லிஹென்றிக்கு 150 பிகோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு 15.5 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். மேடு எதுவும் எழாது. 250 என்றால் 12 கிலோஹெர்ட்ஸ். 400 என்றால் 9.5 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அப்போது கணக்குப்படி 7 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஏறக்குறைய 2 டெசிபல் மேடு எழும். அதற்கு மேல் உள்ள ஒலிகள் செங்குத்தாகச் சரியும். பாடகரின் வாயில் 'ஸ' பிறக்கும் இடம் அந்த மேட்டின் மேலேயே அமைந்திருக்கிறது. 'சரஸ்வதி' என்று பாடினால் நடுவில் ஒரு சீறல் கேட்கும். ஆனால் தம்புராவின் மினுமினுப்பும் ஜால்ராவின் நுனி ஒலியும் மங்கிப்போகும். சீறலும் மங்கலும் ஒன்றாக வருவதால், ஊசி தேய்ந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

எனக்கும் இது நேர்ந்தது. பெண் குரல் பாடும் ஒரு தட்டைப் போட்டால் ஒவ்வொரு 'ஸ'வும் காதைக் குத்தியது. ஊசியைத் தூரிகையால் துடைத்தேன், தட்டைக் கழுவினேன், கார்ட்ரிட்ஜின் கோணத்தை மூன்று முறை சரிசெய்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் கம்பியை அளக்கத் தோன்றியது. கம்பியும் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கைத்தண்டின் உள்கம்பியும் சேர்ந்து 210 பிகோஃபாரட்; ப்ரீஆம்பின் நுழைவு 220. ஆக மொத்தம் 430. கார்ட்ரிட்ஜ் கேட்டதோ 150 முதல் 300 வரை. ப்ரீஆம்பின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதை 100க்குத் தள்ளினேன். மொத்தம் 310 ஆனது. பிறகு ஒன்றரை மீட்டர் கம்பிக்குப் பதில், மின்தேக்கம் குறைந்த குட்டைக் கம்பியைப் போட்டேன். 190 ஆனது. அதே தட்டை அன்று இரவு மீண்டும் போட்டபோது குரல் சீறாமல், முன்னால் வந்து நின்று பாடியது. அந்தக் கார்ட்ரிட்ஜை மாற்றுவதற்காகச் சேர்த்துவைத்திருந்த பணத்தில் தட்டுகள் வாங்கினேன்.

மின்தேக்கம் குறைவாக இருந்தால் எப்போதும் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏடி-விஎம்95இ கேட்பது 100 முதல் 200 வரை. அதற்குக் குறைவு நல்லது. ஆனால் ஷூர் வி15 மூன்றாம் வகை போன்ற பழைய கார்ட்ரிட்ஜுகள் 400 முதல் 500 வரை கேட்டன. அவற்றுக்கு 150 கொடுத்தால் ஒலி வேறு விதத்தில் கோணலாகும். ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பழையதை வாங்குபவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது. கிராடோ கார்ட்ரிட்ஜுகளில் பலவற்றின் தூண்டல் 45 மில்லிஹென்றிதான். அவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

கம்பியின் மின்தேக்கத்தை வீட்டில் அளக்க முடியுமா?

முடியும். மின்தேக்கம் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் வேண்டும். 10 பிகோஃபாரட் வித்தியாசத்தையாவது காட்டக்கூடியதாக இருக்கட்டும். கம்பியை ப்ரீஆம்பிலிருந்து கழற்றுங்கள். கார்ட்ரிட்ஜின் நான்கு கம்பிகளையும் மெதுவாக உருவிவிடுங்கள். பின்பு ஆர்சிஏ பிளக்கின் நடுமுள்ளிலும் வெளி வளையத்திலும் மீட்டரின் முனைகளை வையுங்கள். மீட்டர் முனைகள் காற்றில் இருக்கும்போது காட்டும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். கிடைப்பதோடு ப்ரீஆம்பின் குறிப்புத் தாளில் உள்ள நுழைவு மின்தேக்கத்தைக் கூட்டுங்கள். அந்த மொத்தமே கார்ட்ரிட்ஜ் காணும் சுமை.

கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும்போது மீட்டரை வைக்க வேண்டாம். அளவு தவறாக வரும் என்பது மட்டுமன்று. மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் எம்சியின் மெல்லிய சுருளுக்கு ஆகாது.

கம்பியை நீங்களே செய்துகொள்ளலாம். டிவிக்குப் போடும் ஆர்ஜி-59 கம்பி மீட்டருக்கு 67 பிகோஃபாரட் அளவில்தான் இருக்கும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போனால் கம்பி, பிளக், ஈயம் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

எம்சிக்கு எத்தனை ஓம் சுமை வைக்க வேண்டும்?

எம்சியில் மேலே சொன்ன மின்தேக்கப் பிரச்சினை கிடையாது. அதன் தூண்டல் மில்லிஹென்றியில் இல்லை, மைக்ரோஹென்றியில் இருக்கிறது. ஒத்ததிர்வு காதுக்கு எட்டாத வானொலி அலைவரிசைக்குப் போய்விடும். இங்கே பார்க்க வேண்டியது மின்தடை.

கார்ட்ரிட்ஜின் உள்தடையைப்போலப் பத்து மடங்கு என்பது நல்ல தொடக்கம். டிஎல்-103இன் உள்தடை 40 ஓம். ஆகவே 400 ஓம். அப்போது அளவு 1 டெசிபலுக்கும் குறைவாகவே குறையும். டெனான் குறைந்தபட்சமாகச் சொல்லும் 100 ஓமில் வைத்தால் ஏறக்குறைய 3 டெசிபல் குறைந்துவிடும். ஒலியும் சற்று அடங்கியதுபோல் கேட்கும். சிலருக்கு அதுவே பிடிக்கிறது. இதில் சரி, தவறு என்று சண்டை போட ஒன்றுமில்லை. ப்ரீஆம்பில் 100, 400, 1000 என்று மாற்றும் வசதி இருந்தால், உங்களுக்குப் பழகிய ஒரே தட்டை மூன்றிலும் கேட்டுப்பாருங்கள். ஒலி அளவைச் சமமாக வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். உரத்துக் கேட்பதெல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

நல்ல எம்எம் ப்ரீஆம்ப் ஏற்கனவே இருக்கிறது. எம்சி வாங்கினால் அதைத் தூக்கிப்போட வேண்டுமா?

வேண்டாம். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இடையில் வைக்கலாம். அதற்கு மின்சாரமே தேவையில்லை. இரண்டு சுருள்களின் சுற்று விகிதத்தால் மின்னழுத்தம் உயர்கிறது. ஆனால் விகிதத்தைக் கணக்குப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ப்ரீஆம்பின் 47 கிலோ ஓமை விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கார்ட்ரிட்ஜ் காணும் சுமை கிடைக்கும்.

டிஎல்-103க்கே போட்டுப் பார்ப்போம். 1:10 என்றால் 47,000ஐ 100ஆல் வகுக்க 470 ஓம், 0.3 மில்லிவோல்ட் சுமார் 2.8 ஆகிறது. 1:20 என்றால் 118 ஓம், கிடைப்பது 4.5 மில்லிவோல்ட். இரண்டும் வேலை செய்யும். 1:30 என்று ஆசைப்பட்டால் சுமை 52 ஓமுக்கு இறங்கி, ஏற்றியதில் பாதியை நெருங்கும் பங்கு கார்ட்ரிட்ஜின் உள்தடையிலேயே கரைந்துபோகும். நான் 1:10க்குத்தான் வாக்களிப்பேன்.

இதோடு உயர்மின்னழுத்த எம்சி என்ற வகையும் உண்டு. டெனான் டிஎல்-110 தருவது 1.6 மில்லிவோல்ட்; அதை நேராக எம்எம் நுழைவில் மாட்டலாம். 45 டெசிபல் கெயின் இருந்தால் தாராளம்.

என் டர்ன்டேபிளின் பின்னால் 'ஃபோனோ/லைன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. எதில் வைப்பது?

அந்தச் சுவிட்ச் இருந்தால் உள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது என்று பொருள். ஆடியோ டெக்னிகா ஏடி-எல்பி120எக்ஸ்யுஎஸ்பி அப்படிப்பட்டது. தனி ப்ரீஆம்ப் வைத்தால் 'ஃபோனோ'வில் வையுங்கள். ஆம்ப்ளிஃபையரில் நேராகச் செருகினால் 'லைன்'. 'லைன்'இல் வைத்துவிட்டுத் தனி ப்ரீஆம்பிலும் செருகினால் ஆர்ஐஏஏ திருத்தம் இரண்டு முறை நடக்கும். பாஸ் ஊதிப் பெருத்து, ஒலி உடைந்து வரும். புதிதாக வாங்கியவர்கள் "பெட்டி பழுது" என்று எடுத்துவருவதில் இந்தச் சுவிட்ச்தான் எனக்கு அதிகம் கண்ணில் படுகிறது.

தாத்தா காலத்து எச்எம்வி பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு ஃபோனோ ப்ரீஆம்ப் வைக்கலாமா?

அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அது காந்தத்தால் இயங்குவதில்லை. அழுத்தினால் மின்சாரம் தரும் பொருளால் ஆனது. அதிலிருந்து நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் வருகிறது. ஆர்ஐஏஏ திருத்தமும் ஓரளவு அதன் இயல்பிலேயே நடந்துவிடுகிறது. ஃபோனோ நுழைவில் மாட்டக் கூடாது. அதற்கு 1 மெகா ஓம் அளவிலான உயர் மின்தடை நுழைவு வேண்டும். பெட்டியின் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் அதற்கென்றே செய்யப்பட்டது. அதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதே நல்லது. ஊசி தட்டை அழுத்தும் எடை மட்டும் அதிகம். அரிய தட்டுகளை அதில் போடாதீர்கள்.

78 சுழற்சித் தட்டுகளுக்கு இதே ப்ரீஆம்ப் போதுமா?

ஓரளவுக்குப் போதும். இந்தியாவில் 1960களிலும் 78 தட்டுகள் வந்துகொண்டிருந்தன; கர்நாடக இசைத் தட்டுகள் பல வீடுகளில் இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆர்ஐஏஏ வளைவுக்கு முந்தியவை. நிறுவனத்துக்கு ஒரு வளைவு இருந்தது. ஆர்ஐஏஏ வழியாகக் கேட்டால் உயர்ந்த ஒலிகள் மங்கலாக வரும். வளைவை மாற்றும் வசதியுள்ள ப்ரீஆம்புகள் உண்டு. கணினியில் பதிவு செய்து பிறகு திருத்துவதும் நல்ல வழி.

அதைவிட முக்கியம் ஊசி. எல்பி ஊசி அகன்ற 78 பள்ளத்தின் அடியில் இடித்துக்கொண்டு ஓடும், இரைச்சல்தான் மிஞ்சும். 3 மில் (ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவுள்ள ஊசி வேண்டும். ஏடி-விஎம்95 வரிசையில் எஸ்பி என்ற ஊசி இதற்காகவே இருக்கிறது. அதே வரிசைக் கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் உருவி மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக மாட்டியும் ரீங்காரம் கேட்கிறது. என்ன செய்வது?

முதலில் டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பி ப்ரீஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

ரீங்காரம் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு கம்பிகளைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடது. சிவப்பும் பச்சையும் வலது. நீலமோ பச்சையோ தளர்ந்திருக்கும். கைத்தண்டைத் தட்டின் மேல் மெதுவாக நகர்த்தும்போது ரீங்காரம் கூடிக் குறைந்தால் மோட்டாரின் காந்தப்புலம் காரணம். ப்ரீஆம்பைத் தூக்கி நகர்த்தும்போது மாறினால், பக்கத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் காரணம். அரை மீட்டர் தள்ளி வைத்தாலே அடங்கும். எம்சிக்கு கெயின் அதிகம் என்பதால் இந்த இடைவெளி இன்னும் அவசியம்.

மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்தோ கம்பியைக் கழற்றியோ ரீங்காரத்தை நிறுத்த யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது உயிர் காக்கும் கம்பி.

அடுத்த ஆண்டு கார்ட்ரிட்ஜை மாற்றுவேன். இப்போது வாங்கும் ப்ரீஆம்ப் அப்போதும் பயன்பட வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

கெயினை 40இலிருந்து 60க்கு மேல் வரை மாற்றும் வசதியும், மின்தேக்கத்தை 100 அல்லது அதற்குக் கீழே குறைக்கும் வசதியும், 100 முதல் 1000 ஓம் வரை சுமை மாற்றும் வசதியும் உள்ளதைத் தேடுங்கள். கோணிய தட்டுகள் அதிகம் இருந்தால் காதுக்குக் கேட்காத மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டும் சப்சானிக் ஃபில்டரும் இருக்கட்டும். இல்லாவிட்டால் தட்டு மேலும் கீழும் ஏறி இறங்கும் அசைவே வூஃபரை (பாஸ் ஸ்பீக்கரை) தள்ளித் தள்ளி இழுக்கும். சுவிட்சுகள் பெட்டிக்கு வெளியே இருந்தால் வசதி.

வாங்கியதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு சிறு அட்டையில் கார்ட்ரிட்ஜின் மில்லிவோல்ட், உள்தடை, அது கேட்கும் பிகோஃபாரட், உங்கள் கம்பியில் அளந்த பிகோஃபாரட் ஆகிய நான்கையும் எழுதி டர்ன்டேபிளின் அடியில் ஒட்டிவையுங்கள். என்னுடையதில் பென்சிலால் எழுதிய '190' இன்னும் இருக்கிறது.